எட்டாம் நம்பர் மலையில் விசிலடித்தது யார்?

"ஊது," என்றார் தொரை.

சரோஜா இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினாள். காற்றுதான் வந்தது. கூடவே கொஞ்சம் எச்சில் தெறித்துத் தோட்டத்துத் தொரையின் மேசைக் கண்ணாடியில் விழுந்தது. அதைப் பார்த்துப் பயந்துபோய்த் தன் முந்தானையால் துடைத்தாள்.

"அத விடு. நல்லா ஊது."

மறுபடியும் ஊதினாள். புஸ்ஸென்று, ஈர விறகை ஊதுகிற சத்தம்.

"பாத்தீங்களா தொரை, நடிக்கிறா," என்றார் கணக்கப்பிள்ளை ஆறுமுகம். "தெரியாத மாதிரி நடிக்கவும் ஒரு கெட்டித்தனம் வேணுங்க."

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சரோஜா என் வீட்டுக்காரரின் தங்கை. ஆபீசுக்குத் தனியாகப் போகப் பயந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். விசிலடிக்கத் தெரியும் என்றால் ஊதிக் காட்டலாம். தெரியாது என்பதை எதைச் செய்து காட்டுவது? தெரியவில்லை என்று எப்படி ஊதினாலும் அது நடிப்பாகிவிடுகிறது. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, ஆறுமுகத்தின் கழுத்தில் தொங்கிய விசிலைப் பிடுங்கி அவர் வாயிலேயே திணித்திருப்பேன். பிள்ளைக் காம்பரா வேலை போய்விடுமே என்று சும்மா நின்றேன்.

பால் மணம்

பிள்ளைக் காம்பராவின் ஒழுகுகிற கூரையைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதியதைப் படித்துவிட்டு, வரக்காப்பொலையிலிருந்து ஒரு வாசகி போன் எடுத்தார். "அது என்னங்க பிள்ளைக் காம்பரா?" என்று கேட்டார். அவர் டவுனில் பிறந்து வளர்ந்தவராம். அவருக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. நான் அங்கே ஆயாவாக இருந்தேன். இப்போது மகளோடு புளத்கொகுபிட்டியப் பக்கம் வந்துவிட்டேன். இங்கே ரப்பர் மரமும் வெக்கையும்தான். ஆனால் இந்தக் கதை நடந்தது ஒசக்க, பலாங்கொடைக்கும் மேலே, மத்தியானமே மூடுபனி இறங்கி அடுத்த நிரையில் நிற்கிறவள் முகம் தெரியாமல் போகிற தோட்டத்தில். பேர் சொல்ல மாட்டேன். அந்தத் தொரை இன்னும் அங்கேதான் இருக்கிறார், எனக்கு அங்கே சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள்.

பிள்ளைக் காம்பராவில் எல்லாமே மடுவத்தைப் பொறுத்தது. மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கிற கொட்டகை. நிறுக்கும் நேரம் வந்தால்தான் பெண்கள் மலையை விட்டு இறங்கலாம். இறங்கி, நிறுத்துவிட்டு, அப்படியே ஓடிவந்து பிள்ளைக்குப் பால் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்குக் கடிகாரம் தெரியாது. ஆனால் நாலு மணி தாண்டினால் ஒன்று தொடங்கும், அதைப் பார்த்து மற்றது தொடங்கும், பிறகு காம்பராவே கோயில் திருவிழா மாதிரி இருக்கும்.

அதனால் மலையில் யார், எப்போது நேரம் சொல்கிறார்கள் என்பது எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம்.

தண்டவாளம் போய் விசில் வந்தது

நான் கல்யாணம் முடித்து வந்த காலத்தில், காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கிற பெரட்டுக்குத் தப்பு மேளம் அடித்தார்கள். விடியக்காலையில் அந்தச் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு ஓட வேண்டும். பிறகு தப்படிக்கிற ஆள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார். தப்பும் போனது. அதற்குப் பிறகு மடுவத்து உத்திரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு, இரும்புக் கம்பியால் அடித்தார்கள். காலைப் பெரட்டு, கொழுந்து நிறுக்கிற நேரம் எல்லாவற்றுக்கும் அதுதான். டாங் டாங் என்று எட்டாம் நம்பர் மலைக்கே கேட்கும்.

சில வருஷங்களுக்கு முன்னால், அரிசிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற அந்தக் கஷ்ட காலத்தில் ஒரு நாள் தண்டவாளத்தைக் காணோம். பழைய இரும்புக்கு நல்ல விலை போன நேரம். யார் கொண்டுபோனது என்று தோட்டத்துக்கே தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் வீட்டில் அந்த வாரம் பிள்ளைகள் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

தொரை புதுத் தண்டவாளத்துக்கு எங்கே போவார்? பலாங்கொடையில் விளையாட்டுச் சாமான் கடையில் ஒரு விசில் வாங்கி, சிவப்புக் கயிறு கோத்து, ஆறுமுகத்தின் கழுத்தில் போட்டார். அந்த நாளிலிருந்து ஆறுமுகத்தின் நடையே மாறிப்போனது. சம்சாரத்தைக் கூப்பிடவும் விசிலடிக்கிறார் என்று நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் பேசிக்கொண்டார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

முன்கூட்டியே வந்த தாய்மார்

மழை மாதம் தொடங்கியது. ஒரு நாள் மூன்றரை மணி போல, காம்பராவில் பிள்ளைகள் எல்லாம் தூங்கிக்கொண்டிருக்க, முதுகில் கூடையும் இடுப்பில் சுற்றின நனைந்த படங்குச் சாக்குமாகத் தாய்மார் வந்து நிற்கிறார்கள்.

"என்னங்கடி, நேரத்தோட?"

"விசிலு கேட்டிச்சுக்கா. வந்துட்டோம்."

பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் பால் குடித்தன. ஒன்றுகூட அழவில்லை. நானும் எவ்வளவோ காலத்துக்குப் பிறகு சூடாக ஒரு பிளேன்டீ குடித்தேன்.

மடுவத்தில் ஆறுமுகம் தலையில் அடித்துக்கொண்டாராம். "நான் அடிக்கவே இல்லையே! இப்பத்தான டீ குடிக்க உக்காந்தேன்!" பெண்கள் ஒரே குரலில், "கேட்டிச்சுங்க" என்றார்கள். கேட்டது உண்மை. பனி மூடின மலையில் கணக்கப்பிள்ளையைக் கண்ணால் பார்க்க முடியாது. காதில் விழுவதுதான் கணக்கப்பிள்ளை.

அந்த வாரத்திலேயே மறுபடி நடந்தது. அடுத்த வாரமும் நடந்தது. பனி இறங்கி இருட்டு கட்டின நாள்களில்தான் கேட்டது. எட்டாம் நம்பர் மலையின் ஓரத்தில் ஓர் ஓடைப்பள்ளம் இருக்கிறது. மேலே மரங்கள் கூடாரம் போட்டு, உள்ளே பகலிலும் மங்கலாக, பாசி பிடித்த பாறையும் தண்ணீர்ச் சத்தமுமாக இருக்கும். அந்தப் பக்கமிருந்துதான் விசில் வந்தது. நீட்டமாக, மெல்லிசாக, காதைத் துளைக்கிற மாதிரி.

பொழுது சாய்ந்த பிறகு அந்தச் சத்தம் லயம் வரைக்கும் முன்பும் கேட்டதுண்டு. பீலித் தண்ணீர்க் குழாயில் காற்று அடைக்கிறது என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்போம். தண்டவாளம் இருந்த காலத்தில் விசில் சத்தத்துக்கு யார் இறங்கப் போகிறார்கள்?

ஒரு விசிலுக்கு ஆசைப்பட்டவள்

இப்போது சரோஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிப்பது முழுக்கப் பொம்பளைகள். அவர்களுக்குப் பின்னால் நின்று "கையை ஆட்டு, கையை ஆட்டு" என்று கத்துவதற்கு மட்டும் ஓர் ஆம்பளை. அவருக்குப் பேர் கங்காணி. இந்த வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ, அவர் நல்லாயிருக்கட்டும். அந்த வருஷம் கம்பனியிலிருந்து ஒரு சேதி வந்தது. இனிப் பெண்களிலும் கங்காணி போட வேண்டுமாம். எட்டாம் நம்பர் மலைக் குழுவுக்குச் சரோஜா பேர் அடிபட்டது.

அவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். ஒரு நாள் என் வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டே, "அண்ணி, கங்காணிக்கும் கழுத்துல விசிலு குடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

"குடுப்பாங்க. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கிறவள் முகமா அது? இருபது வருஷமாக அடுத்தவன் சொல்லி மலையேறி, அடுத்தவன் சொல்லி இறங்கினவள். ஒரு நாளாவது தான் சொல்லி எல்லாரும் இறங்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்குப் பதிலாக, "தேங்காய ஓடு வரைக்கும் துருவாத" என்று ஏசினேன். எங்கள் குடும்பத்தில் அப்படித்தான்.

ஆறுமுகத்துக்கு இந்தச் சேதி வேப்பெண்ணெய் குடித்த மாதிரி. "இன்னிக்குப் பொம்பள கங்காணி. நாளைக்குப் பொம்பள கணக்கப்புள்ள. அப்புறம் நான் என்னா, புள்ளக் காம்பராவுல தொட்டிலு ஆட்டுறதா?" என்று மடுவத்தில் சொன்னாராம். அவர் ஆட்டினால் ஒரு பிள்ளையும் தூங்காது. அது வேறு விஷயம்.

இந்த நேரத்தில்தான் கள்ள விசில். ஓடைப்பள்ளத்தை ஒட்டின கடைசி நிரை யாருடையது? சரோஜாவுடையது. குழுவிலேயே வாய் நீளம் யாருக்கு? சரோஜாவுக்கு. ஆறுமுகத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? "கங்காணி ஆவுறதுக்கு முன்னாலயே விசிலடிச்சுப் பழகுறா" என்று ஆபீசில் போய்ச் சொல்லிவிட்டார்.

அப்படித்தான் அந்த மேசைக்கு முன்னால் போய் நின்றோம்.

தொரை கெட்டவர் இல்லை. சிங்களவர். தமிழை எங்கள் தோட்டத்தில்தான் கற்றுக்கொண்டார், அதனால் எங்களை மாதிரியே பேசுவார், எங்களை மாதிரியே ஏசுவார். "கங்காணி வேலய இப்போதைக்கு நிப்பாட்டி வைக்கிறேன். சரோஜா, நீ நாளையிலேருந்து ரெண்டாம் நம்பர் மலைக்குப் போ," என்று முடித்தார்.

பொம்பளை விசிலடித்தாள் என்ற பேர் லேசான பேர் இல்லை. லயத்தில் அவள் தண்ணீர் பிடிக்கப் போனால் இளவட்டங்கள் தலையைத் திருப்பிக்கொண்டு சீட்டியடித்தார்கள். என் மாமியார் வீட்டுப் பக்கத்திலிருந்து ஒருத்தி மெனக்கெட்டு வந்து, "நம்ம குடும்பத்துல இது வரைக்கும் இப்படி நடந்ததில்ல" என்று சொல்லி, நான் கொடுத்த டீயையும் குடித்துவிட்டுப் போனாள். சரோஜா அந்த நாள்களில் சரியாகச் சாப்பிடவில்லை.

சாட்சியைக் கூட்டிட்டு வா

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஓடைப்பள்ளத்துப் பக்கமிருந்து நனைந்துபோய் என் வீட்டுக்கு வந்தாள். காலில் அட்டைக் கடி, ரத்தம் வழிகிறது. முகத்தில் சிரிப்பு.

"அண்ணி, பாத்துட்டேன். குருவி!"

"என்னடி குருவி?"

"விசிலடிச்சது குருவி அண்ணி! மைனாவ விடக் கொஞ்சம் சின்னது. பாறையில தத்தித் தத்திப் போவுது. இருட்டுல சும்மா கருப்பாத்தான் தெரிஞ்சிச்சு. திரும்புறப்பதான் தோள்ல நீலம். அப்படி ஒரு நீலம்! அது வாயத் தொறந்து அடிக்குது அண்ணி, என் கண்ணால பாத்தேன்."

மறுநாளே ஆபீசுக்குப் போய்ச் சொன்னாள். ஆறுமுகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப அந்தக் குருவியயும் விசாரணைக்குக் கூட்டிட்டு வா. ஊதிக் காட்டட்டும்." ஆபீசே சிரித்தது. தொரையும் சிரித்தார். அவர் சிரித்ததுதான் சரோஜாவுக்கு ரொம்ப வலித்தது.

குழுப் பெண்கள் மட்டும் நம்பினார்கள். குருவிக்குச் 'சின்னக் கணக்கப்பிள்ளை' என்று பேரும் வைத்துவிட்டார்கள். பெரியவரை விடச் சின்னவர் நல்லவர், நேரத்தோடு வீட்டுக்கு விடுகிறார் என்று பேச்சு.

பங்களாவுக்கு வந்தவர்கள்

எங்கள் பெரிய பங்களாவில் இப்போது தொரை குடியிருப்பதில்லை. வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். மழை குறைந்த நேரத்தில் வெள்ளைக்காரர்கள் சிலர் வந்தார்கள். கூடவே கழுத்தில் தூரக் கண்ணாடியோடு கொழும்பு மாத்தயா ஒருவர், ஐயா என்பதற்குச் சிங்களத்தில் அப்படித்தான். அவர்கள் வந்தது தேயிலை பார்க்க இல்லை. ஒரு குருவியைத் தேடி.

அந்த மாத்தயா மடுவத்துக்கு வந்து, பெண்களிடம் சிங்களத்தில் விசாரித்தார். உயர்ந்த மலையில், இருட்டு ஓடையில் மட்டும் இருக்கிற குருவியாம். நம் நாட்டை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாதாம். சிங்களத்தில் 'அரங்கயா' என்றார். காலையிலும் மாலையிலும் வெளிச்சம் குறைந்த நேரத்தில்தான் கூப்பிடுமாம். லேசில் யார் கண்ணிலும் படாதாம். "சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா?" என்று தன் போனில் போட்டுக் காட்டினார்.

நீட்டமாக, மெல்லிசாக, காதைத் துளைக்கிற அதே விசில்.

பழக்க தோஷம், இரண்டு பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு தராசுக்குப் போய் நின்றுவிட்டார்கள். ஆறுமுகத்தின் கை தானாகப் போய்த் தன் விசிலைத் தடவியது. அங்கே நின்ற எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் தராசைப் பார்த்தார்.

சரி, இத்தோடு சரோஜாவின் பேர் சுத்தமாகிவிட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு ஆபீஸ் எப்படி வேலை செய்கிறது என்று இன்னும் தெரியவில்லை. ஆபீசில் ஒரு தப்பு நடந்துவிட்டால் அது தப்பாகவே இருக்காது. இரண்டு நாளில் வேறொன்றாக உருமாறிவிடும்.

அன்று சாயங்காலம் தொரை விருந்தாளிகளோடு பேசும்போது ஒரு புதுக் கதை பிறந்தது. குருவி இருப்பது உண்மை. சரோஜா விசிலடித்ததும் உண்மை. அவள் அடிக்க, அது பதில் சொல்லியிருக்கிறது. ஆக, இந்தத் தோட்டத்தில் விசிலடித்து அந்த அபூர்வக் குருவியை வரவழைக்கிற ஒரு பெண் இருக்கிறாள்! வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளந்தார்களாம். நாளைக்கே பார்க்க வேண்டும் என்றார்களாம்.

ஆறுமுகம் லயத்துக்கே வந்து கூப்பிட்டார். குரலில் தேன். "சரோஜா, தொரை ஒன்னயப் பத்திப் பெருமையாச் சொல்லியிருக்காரு. நாளைக்கு ஓடைக்கு வந்து விசிலடிச்சுக் காட்டணும்."

"எனக்கு விசிலடிக்கத் தெரியாதுங்க."

"கோவத்துல சொல்லாத தாயி."

"நெசமாவே தெரியாதுங்க!"

"சரி சரி, அண்ணியயும் கூட்டிட்டு வா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுபடியும் ஊது

காம்பராவைப் பக்கத்து லயத்துச் செல்லம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு நானும் போனேன். மூன்று மணி இருக்கும். நல்ல பனி. ஓடைப்பள்ளத்து ஓரத்தில் வெள்ளைக்காரர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு, மூச்சு விடாமல் நிற்கிறார்கள். தொரை சப்பாத்தில் சேறு. ஆறுமுகம் புதுச் சட்டை. மேலே பனிக்குள்ளே எட்டாம் நம்பர் மலையில் பெண்கள் கொழுந்து பறிக்கிற சத்தமும் பேச்சும் கேட்கிறது, ஆள் தெரியவில்லை.

கொழும்பு மாத்தயா, "நங்கி, பய வென்ன எப்பா" என்றார். பயப்படாதே தங்கச்சி என்று அர்த்தம். அவர் நல்ல மனுஷன்.

"ஊது," என்றார் தொரை.

சரோஜா என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு விரலை வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஊதினாள்.

புஸ்ஸ்.

மறுபடியும். புஸ்ஸ். இந்தத் தடவை அவளுக்கு இருமலே வந்துவிட்டது.

கேமராக்கள் மெதுவாகக் கீழே இறங்கின. தொரையின் முகம் சிவந்தது. விருந்தாளிகளுக்குக் கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு, "என்னா சரோஜா இது? ஒனக்கு விசிலடிக்கவே தெரியாதா?" என்றார்.

"தெரியாதுங்க தொரை. அன்னிக்கு ஆபீசுலயும் இதையேதாங்க ஊதுனேன்."

அவள் குற்றம் செய்யாதவள் என்று அந்த நிமிஷத்தில்தான் எல்லாருக்கும் விளங்கியது. அந்த நிமிஷத்தில்தான் எல்லாருக்கும் அவள்மேல் கோபமும் வந்தது.

வெள்ளைக்காரர்கள் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. சரோஜா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, ரொம்பப் பணிவாகச் சொன்னாள்.

"விசிலு குடுத்தா அடிப்பேங்க."

தொரை ஆறுமுகத்தைப் பார்த்தார். ஆறுமுகம் காலைப் பார்த்தார். "குடுங்க," என்றார் தொரை. சிவப்புக் கயிறு தலை வழியாகக் கழன்று வருவதற்குள் அந்த மனுஷனுக்குக் காதெல்லாம் சிவந்துபோனது. சரோஜா விசிலைக் கையில் வாங்கினாள். தட்டிப் பார்த்தாள். அவசரமே படாமல் சேலையில் துடைத்தாள். வாயில் வைத்தாள்.

அம்மாடி, அடித்தாளே ஓர் அடி!

பேச்சுச் சத்தம் நின்றது. பிறகு பனிக்குள்ளிருந்து ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். கூடை முதுகில், படங்கு இடுப்பில், சிரிப்பும் பேச்சுமாக, எட்டாம் நம்பர் மலை முழுக்க இறங்கி வருகிறது. வெள்ளைக்காரர்கள் குருவியை மறந்து அந்தப் பக்கம் திரும்பிக் கேமராவைத் தூக்கினார்கள். கைதட்டினார்கள்.

நான் மட்டும் ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். பாறையில் ஒரு கருப்பு அசைந்தது. வாலை விரித்து மூடியது. திரும்பியபோது தோளில் நீலம். தலையைச் சாய்த்து எங்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு இருட்டுக்குள் போய்விட்டது. நான் யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை.

ஆறுமுகம் கையை நீட்டினார். "விசிலு?"

சரோஜா கயிற்றைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு தொரையைப் பார்த்தாள். விருந்தாளிகளும் தொரையைப் பார்த்தார்கள். ஒரு வெள்ளைக்காரம்மா இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும்," என்றார் தொரை. "அவகிட்டயே இருக்கட்டும்."

நான் மூச்சிரைக்கக் காம்பராவுக்கு ஓடிவந்தேன். எனக்கு முன்னாலேயே தாய்மார் வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு பிள்ளை. காம்பராவே அமைதியாக இருந்தது.

"ஏங்க்கா," என்றாள் மலையின் அடுத்த பக்கமாக இறங்கி வந்த ஒருத்தி, பிள்ளையைத் தட்டிக்கொண்டே. "இன்னிக்கு விசிலடிச்சது யாரு? பெரியவரா, சின்னவரா?"

"கங்காணி," என்றேன்.